ஜூரியிலிருந்து என்னை நீக்கியது என் நிறத்துக்காகவா?

கேள்வி: டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. முதல்முறையாக ஜூரி சம்மன் வந்தது, ஆசையோடு போனேன். போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒரு கறுப்பின இளைஞர் மீது வழக்கு. அறுபது பேரை வரிசையாக உட்கார வைத்தார்கள், எனக்கு 19ஆம் எண் அட்டை. அரசு வக்கீல் என்னிடம், "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? நான் பேசுவது எல்லாம் புரிகிறதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரிடம் இப்படி எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பன்னிரண்டு பேர் பெயரை வாசித்தார்கள். நானும் இல்லை, முன்வரிசையில் இருந்த மூன்று கறுப்பினத்தவரும் இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. வீட்டில், "தப்பித்தாய், விடு" என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இதைச் சட்டம் அனுமதிக்கிறதா? அந்தப் பையனின் வழக்கு என்ன ஆகும்? நான் ஏதாவது செய்ய முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனசு ஆறாமல் எழுதினீர்களே, அதற்கே முதலில் நன்றி. குற்ற வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஆஜராகும் வக்கீல் நான். ஜூரித் தேர்வு முடிந்து வெளியே போகிறவர்கள் பெரும்பாலும் வாகன நிறுத்தத்தை நோக்கித்தான் வேகமாக நடப்பார்கள். திரும்பிப் பார்த்து "என்ன நடந்தது" என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். டெக்சாஸில் ஜூரித் தேர்வின் கடைசிக் கட்டம் காகிதத்தில்தான் நடக்கும். கேள்விகள் முடிந்ததும் இரண்டு தரப்பு வக்கீல்களும் பெயர்ப் பட்டியலோடு ஒதுங்கிப் போய், வேண்டாதவர்கள் பெயரைக் கோடு போட்டு அடித்து, எழுத்தரிடம் கொடுத்துவிடுவார்கள். உங்களுடையது போன்ற வழக்கில் ஒவ்வொரு தரப்புக்கும் பத்துப் பெயர் வரை அடிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது தவிர, "இவரால் நடுநிலையாக இருக்க முடியாது" என்று காரணம் காட்டி நீதிபதியே நீக்குவது தனி, அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. எல்லாம் கழித்து, அடிபடாத முதல் பன்னிரண்டு பேர் ஜூரி.

கணக்குப் பாருங்கள். பன்னிரண்டும் இருபதும் முப்பத்திரண்டு. உங்கள் எண் 19. அதாவது எண்ணிக்கை உங்கள்வரை வராமல் போயிருக்க வாய்ப்பு குறைவு. நீதிபதி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் கேட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே யாரோ ஒரு வக்கீல் உங்கள் பெயரை அடித்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். அது அரசுத் தரப்பா, அந்தப் பையனின் வக்கீலா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. எதிர்த்தரப்பும் அடிக்கும், இனம் பார்த்து அடிக்கவும் செய்யும். அதுவும் கூடாது என்று 1992இல் ஜார்ஜியாவிலிருந்து வந்த மெக்கொல்லம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைச் சொல்வது அரசு வக்கீலைக் காப்பாற்ற அல்ல. இரண்டு பட்டியலையும் பார்க்காமல் யார் மேலும் பழி போட முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இனத்துக்காகவோ பூர்வீகத்துக்காகவோ ஒருவரை ஜூரியிலிருந்து நீக்கக் கூடாது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அடிமை முறை ஒழிந்தபின் 1868இல் வந்த அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தந்தது. வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரி என்றிருந்த மேற்கு வர்ஜீனியாவின் சட்டத்தை 1880இலேயே உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது. "கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, நமக்கு இதில் என்ன இடம்" என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. அதற்குப் பதில் உங்கள் மாநிலத்திலிருந்தே வந்தது. டெக்சாஸ் ஜாக்சன் கவுன்ட்டியில், எட்னா என்ற சிற்றூரில் பீட் ஹெர்னாண்டஸ் என்பவர் மீது கொலை வழக்கு. அந்தக் கவுன்ட்டியில் 25 வருடங்களாக மெக்சிகப் பெயருள்ள ஒருவர்கூட ஜூரியில் உட்காரவில்லை. மெக்சிகர்களும் வெள்ளையர்தான், அதனால் பாகுபாடு என்ற பேச்சே இல்லை என்று மாநில அரசு வாதிட்டது. ஆனால் அந்த நீதிமன்ற வளாகத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பலகை கிடையாது. இன்னொன்றில் "கறுப்பர்" என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே "ஆண்கள் இங்கே" என்று ஸ்பானிஷிலும் எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே இதைக் குறித்திருக்கிறது. 1954 மே மாதம் வந்த அந்தத் தீர்ப்பு, கறுப்பு வெள்ளை என்ற இரண்டு வகுப்போடு 14ஆவது திருத்தம் நின்றுவிடாது என்றது. இன்று நீங்கள் கேள்வி கேட்க நிற்கும் தரை அது.

உரிமை இருக்கிறது என்று சொல்வது சுலபம். அதை யார், எப்படி நிரூபிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் அனுபவத்தில் ஒரு அரசியலமைப்பு உரிமை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை, நிரூபிக்கும் பாரத்தை நீதிமன்றம் யார் தலையில் வைக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

1965இல் ஸ்வெயின் வழக்கு வந்தது. அலபாமாவில் டலடீகா கவுன்ட்டி. அந்த வழக்கின் ஜூரிப் பட்டியலில் மிஞ்சியிருந்த ஆறு கறுப்பினத்தவரையும் அரசுத் தரப்பு அடித்தது. அங்கே சுமார் 1950லிருந்து விசாரணை ஜூரியில் ஒரு கறுப்பினத்தவர்கூட உட்கார்ந்ததில்லை. அப்படியும் குற்றம் சாட்டப்பட்ட ஸ்வெயின் தோற்றார். இந்த ஒரு வழக்கில் நடந்ததைக் காட்டினால் போதாது, வழக்குக்கு வழக்கு அரசு வக்கீலே இப்படிச் செய்து வந்ததாக நிரூபி என்றது நீதிமன்றம். சிறையில் இருக்கும் ஏழை, ஊரில் நடந்த எல்லா வழக்கின் பட்டியல்களையும் எங்கே போய்த் திரட்டுவார்? உரிமை ஏட்டில் இருந்தது, கைக்கு வரவில்லை.

இருபத்தோரு வருடம் கழித்து, 1986இல், பேட்சன் தீர்ப்பு அந்தப் பாரத்தை மாற்றி வைத்தது. கென்டக்கியில் லூயிஸ்வில் நகரம். ஜேம்ஸ் பேட்சன் என்ற கறுப்பினத்தவர் மீது திருட்டு வழக்கு. பட்டியலில் இருந்த நான்கு கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் அடித்தார், முழு வெள்ளை ஜூரி உட்கார்ந்தது. பேட்சனின் வக்கீல் ஆட்சேபித்தபோது, யாரை வேண்டுமானாலும் நீக்கலாம் என்று விசாரணை நீதிபதி சொல்லிவிட்டார். உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றியது. இனிமேல் உங்கள் சொந்த வழக்கில் நடந்ததை வைத்தே ஆட்சேபிக்கலாம். முதல் படியில் சந்தேகப்பட முகாந்திரம் காட்டினால், இரண்டாவது படியில் அடித்த வக்கீல் இனம் சாராத ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது படியில், அந்தக் காரணம் உண்மையா, சால்ஜாப்பா என்று நீதிபதி முடிவு செய்ய வேண்டும். கோர்ட்டில் இதை "பேட்சன் சேலஞ்ச்" என்போம்.

அதே தீர்ப்பில் நீதிபதி தர்குட் மார்ஷல் தனியாக எழுதினார். காரணம் சொல்லாமல் நீக்கும் வழக்கத்தையே ஒழித்தால்தான் இது தீரும், காரணம் கண்டுபிடிப்பது எந்த வக்கீலுக்கும் எளிது என்றார். அவர் பயந்தது நடந்தது. 1995இல் மிசௌரி வழக்கொன்றில், நீண்ட சுருட்டை முடி, சீவாத தலை, மீசை, ஆட்டுத்தாடி என்று ஒரு அரசு வக்கீல் காரணம் சொன்னார். இரண்டாவது படியில் சொல்லும் காரணம் நம்பும்படி இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை, இனத்தைக் குறிக்காமல் இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். உண்மையா என்பதை மூன்றாவது படியில் பார்த்துக்கொள்ளலாமாம். தினமும் அதே அரசு வக்கீலோடு வேலை பார்க்கும் நீதிபதி, அவர் முகத்துக்கு நேராக "நீங்கள் சொல்வது பொய்" என்று தீர்மானிக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? இந்தத் தீர்ப்பு பேட்சனின் கழுத்தைப் பிடித்தது என்பதே என் கருத்து.

உங்களிடம் கேட்ட மொழிக் கேள்விக்கு வருகிறேன். 1991இல் புரூக்ளினிலிருந்து இன்னொரு ஹெர்னாண்டஸ் வழக்கு வந்தது. ஸ்பானிஷ் தெரிந்த லத்தீனோக்களை அரசு வக்கீல் நீக்கினார். சாட்சிகள் ஸ்பானிஷில் பேசப் போகிறார்கள், மொழிபெயர்ப்பாளர் சொல்வதை ஏற்பீர்களா என்று கேட்டதற்கு இவர்கள் தயங்கினார்கள் என்பது அவர் சொன்ன காரணம். உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சில சமூகங்களில் மொழியே இனத்துக்கு மறுபெயராக நிற்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே "புரிகிறதா" என்று கேட்டது மட்டும் தவறில்லை. சாட்சியம் புரியாத ஜூரரால் அந்தப் பையனுக்கும் கெடுதல்தான். ஆனால் உங்கள் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, நீங்கள் தெளிவாகப் பதில் சொன்ன பிறகும், அதையே சாக்காக வைத்து அடித்திருந்தால் விஷயம் வேறு.

நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் சட்டப்படி முக்கியமானது: பக்கத்து வெள்ளைக்காரரிடம் அப்படிக் கேட்கவில்லை. கடந்த இருபது வருடத்தில் பேட்சனுக்குக் கொஞ்சமாவது உயிர் வந்தது இந்த ஒப்பீட்டால்தான். அதைத் தொடங்கி வைத்ததும் உங்கள் டாலஸ்தான். 1986இல் மில்லர்எல் என்ற கறுப்பினத்தவருக்கு அங்கே மரண தண்டனை விதித்தார்கள். ஜூரித் தேர்வில் மிஞ்சியிருந்த 11 கறுப்பினத்தவரில் 10 பேரை அரசுத் தரப்பு அடித்தது. அதில் ஒருவர் மரண தண்டனையை ஆதரித்துத் தெளிவாகப் பேசியவர். அரசு வக்கீல் அவர் பேச்சைத் திரித்துச் சொன்னார். அது தவறு என்று சுட்டிக்காட்டியதும், அவருடைய சகோதரர் முன்பு தண்டனை பெற்றவர் என்று வேறு காரணத்துக்குத் தாவினார். யூதர், கறுப்பர், மெக்சிகர் யாரையும், எவ்வளவு படித்திருந்தாலும், ஜூரியில் எடுக்காதே என்று அந்த அரசு வக்கீல் அலுவலகத்தில் 1963இல் எழுத்துமூலச் சுற்றறிக்கையே இருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் மில்லர்எல் பக்கம் தீர்ப்பளித்தது. நீக்கிய கறுப்பினத்தவருக்குச் சொன்ன அதே காரணம் வைத்துக்கொண்ட வெள்ளையருக்கும் பொருந்தினால், அந்தக் காரணம் பொய் என்பதற்கு அதுவே சான்று என்றது.

ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில் சான்று கையெழுத்தாகவே கிடைத்தது. 1987 விசாரணை. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, திறந்த ஆவணச் சட்டத்தின்கீழ் அரசு வக்கீலின் கோப்பை வாங்கிப் பார்த்தார்கள். பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் எல்லாம் பச்சை மையில் வண்ணமிட்டிருந்தன, மூலையில் "இது கறுப்பர்களைக் குறிக்கும்" என்று விளக்கக் குறிப்பு வேறு. "கண்டிப்பாக வேண்டாம்" என்று ஆறு பெயர் கொண்ட ஒரு பட்டியலில் முதல் ஐந்தும் கறுப்பினத்தவர். ஃபாஸ்டருக்குப் பத்தொன்பது வயது. அவர் வயதை ஒட்டியவர் என்று 34 வயதுப் பெண் ஒருவரை நீக்கியிருந்தார்கள், 21 வயது வெள்ளையர் ஜூரியில் உட்கார்ந்திருந்தார். 2016இல் தீர்ப்பு மாறியது. தண்டனைக்கும் இதற்கும் நடுவில் 29 வருடம்.

கேள்விகளையே எண்ணிப் பார்த்தது 2019இன் ஃப்ளவர்ஸ் தீர்ப்பு. மிசிசிப்பியில் வினோனா என்ற ஊரில் கர்டிஸ் ஃப்ளவர்ஸை ஒரே அரசு வக்கீல் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஆறிலும் சேர்த்து நீக்க முடிந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்கினார். ஆறாவது விசாரணையில், நீக்கிய ஐந்து கறுப்பினத்தவரிடம் 145 கேள்வி கேட்டவர், ஜூரியில் உட்கார்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தமே 12 கேள்விதான் கேட்டார். கேள்வி கேட்கும் விதத்திலேயே பாகுபாடு தெரியும் என்று உச்ச நீதிமன்றம் அந்த எண்களை எடுத்து எழுதியது. 2020இல் வழக்கையே கைவிட்டார்கள். அதற்குள் ஃப்ளவர்ஸ் 20 வருடத்துக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூவரும் ஜெயித்தது, அன்றைக்கு ஜூரித் தேர்வின்போதே அவர்களுடைய வக்கீல் எழுந்து ஆட்சேபித்ததால். கேள்வி பதில்கள் பதிவேட்டில் ஏறியிருந்தன. அந்தப் பையனின் வழக்கு என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. டெக்சாஸ் சட்டப்படி பட்டியல்களைக் கொடுத்த பிறகு, ஜூரியை முறைப்படி அமர்த்துவதற்கு முன்பு, அவருடைய வக்கீல் ஆட்சேபித்திருக்க வேண்டும். பெயர் வாசிப்பதற்கு முன் வக்கீல்கள் நீதிபதி மேடை அருகே போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்களா, உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பினார்களா என்று நினைத்துப் பாருங்கள். ஒருவேளை அது நடந்திருக்கலாம், நீதிபதி நிராகரித்திருக்கலாம். அப்படியானால் மேல்முறையீட்டில் கேட்க அவருக்கு வழி உண்டு. ஆட்சேபிக்கவே இல்லை என்றால் கதவு ஏறக்குறைய மூடியாகிவிட்டது. அவருக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் சேர்த்து.

ஏன் உங்களுக்கும் என்கிறேன் தெரியுமா? 1991இல் ஓஹையோவின் பவர்ஸ் வழக்கில் ஒரு வெள்ளையர், தன் ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரை நீக்கியதை எதிர்த்தார். உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. காரணம், பாகுபாடு இல்லாமல் ஜூரியில் அமரும் உரிமை நீக்கப்பட்ட குடிமகனுடையது, அவர் தனியாக வழக்குப் போடுவது நடைமுறையில் கடினம், அதனால் குற்றம் சாட்டப்பட்டவர் அவர் சார்பில் பேசலாம் என்றது. வாக்களிப்பதற்கு அடுத்தபடியாகக் குடிமக்கள் ஆட்சியில் பங்கேற்கும் பெரிய வாய்ப்பு ஜூரிப் பணி என்றும் சொன்னது. வீட்டில் "தப்பித்தாய்" என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்களிடமிருந்து எடுத்தது ஒரு நாள் சம்பளத்தைவிடப் பெரியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேட்சன் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல்தான், அடுத்த வருடமே மெக்ளெஸ்கி தீர்ப்பையும் எழுதினார். ஜார்ஜியாவில் வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மரண தண்டனை கிடைக்கும் சாத்தியம், கறுப்பினத்தவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களைவிட 4.3 மடங்கு என்று ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வு சரி என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் குறிப்பிட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற மெக்ளெஸ்கிக்கு எதிராக யாரோ வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபிக்கவில்லை என்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு, வாக்கை மாற்ற முடியுமானால் மெக்ளெஸ்கியில் மாற்றுவேன் என்றார் பவல். வாரன் மெக்ளெஸ்கிக்கு 1991இல் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள்.

சில மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. வாஷிங்டன் மாநில நீதிமன்றம் 2018இல் ஒரு விதி கொண்டு வந்தது. வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வியே அங்கு இல்லை. விவரம் அறிந்த ஒரு பார்வையாளருக்கு இனம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று தோன்றினாலே நீக்கம் செல்லாது. காவல்துறை மீது நம்பிக்கை இல்லை, குற்றம் மிகுந்த பகுதியில் குடியிருக்கிறார், ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பன போன்ற காரணங்களை ஆரம்பத்திலேயே சந்தேகத்துக்குரியவை என்று அந்த விதி பட்டியலிட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவும் 2022 முதல் குற்ற வழக்குகளில் இதேபோல் சட்டம் வைத்திருக்கிறது. அரிசோனா அதே வருடம் காரணமில்லா நீக்கத்தையே ஒழித்துவிட்டது, மார்ஷல் கேட்டது போலவே. உங்களுக்கு நடந்தது வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டிலில் நடந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இன்னும் வலுவான ஆயுதம் இருந்திருக்கும். டெக்சாஸில் இப்படியொரு விதி இல்லை, பேட்சனும் அதையொட்டிய மாநிலச் சட்டமும்தான்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. உங்களை விடுவித்துவிட்டதால், நடந்ததை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதத் தடை இல்லை. வழக்கின் பெயரோ எண்ணோ சம்மனில் இல்லாவிட்டால் அன்றைய தேதியையும் நீதிமன்ற எண்ணையும் வைத்து எழுத்தர் அலுவலகத்தில் கேட்கலாம். அதற்கு முன் இன்றே உட்கார்ந்து, உங்களிடம் கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில், பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டவை, அவர்கள் எண் எல்லாவற்றையும் நினைவிருக்கும் வரை எழுதி வையுங்கள். கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஜூரியில் இருக்கும் யாரையும் தொடர்பு கொள்ளாதீர்கள், அது அந்தப் பையனுக்கே பாதகமாகலாம். உங்கள் பெயரை அடித்தது அரசுத் தரப்புதானா என்பதும் அந்த வக்கீலுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த சம்மன் வந்தால் கட்டாயம் போங்கள். "புரிகிறதா" என்று கேட்டால், "புரிகிறது" என்று முடித்துவிடாமல், எத்தனை வருடமாக ஆங்கிலத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். அது பதிவேட்டில் ஏறும். பிறகு யாராவது மொழியைச் சாக்காகச் சொன்னால் அந்த இரண்டு வாக்கியம் எதிரில் நிற்கும்.

உட்காரும் வாய்ப்பும் கிடைத்துவிட்டால், இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஜூரி அறைக்குள் பேசுவதை வெளியே கொண்டுவந்து தீர்ப்பைக் கேள்வி கேட்க முடியாது என்பது பழைய விதி. கொலராடோவில் ஒரு ஜூரர், "இவன் மெக்சிகன், அதனால் செய்திருப்பான்" என்கிற தொனியில் பேசினார். இன்னும் இரண்டு ஜூரர்கள் விசாரணை முடிந்தபின் எதிர்த்தரப்பு வக்கீலிடம் அதைச் சொன்னார்கள். 2017இல் பென்யா ரொட்ரீகஸ் என்ற அந்த வழக்கில், இன வெறுப்பு வெளிப்படையாகத் தீர்ப்பைத் தீர்மானித்திருந்தால் பழைய விதி குறுக்கே நிற்காது என்றது உச்ச நீதிமன்றம். அப்படி ஏதாவது உங்கள் காதில் விழுந்தால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி, கதவருகே நிற்கும் நீதிமன்றக் காவலரிடம் கொடுத்து, நீதிபதிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.